இணையத்தின் தொழில்நுட்ப விதிகளுக்குள் மனித உரிமையைக் கொண்டுபோவது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறையில் இருந்து தொடங்குகிறவர்களுக்கு

2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறை நகரத்துச் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில், சிங்களவர்களின் சாப்பாட்டில் பிள்ளை பிறக்காமல் செய்யும் மருந்தைக் கலக்கிறார்கள் என்று கிளம்பிய ‘மலட்டுக் குளிசை’ வதந்தி பள்ளிவாசல் மீதான தாக்குதல் வரை போனது. அப்படி ஒரு குளிசையே கிடையாது. ஆனால் வதந்தி போனுக்குப் போன் தாவிய வேகத்துக்கு அந்த உண்மையால் ஈடுகொடுக்க முடியவில்லை. அடுத்த சில நாட்களில் கண்டிப் பக்கம் திகன பற்றி எரிந்தது. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் முடக்கியது. ஒரு வாரம் போல அப்படியே கிடந்தது. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அதே நாளில் மறுபடியும் முடக்கம். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, போராட்டங்களுக்கு நடுவே இன்னொன்று. அது அன்று பின்னேரமே திறக்கப்பட்டது.

ஆக, இணையம் ஒருவருடைய உயிரோடும் உரிமையோடும் எப்படி விளையாடும் என்று நம் பக்கத்து ஆட்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. தெரியாதது, இதை எங்கே போய்ச் சொல்வது என்பதுதான். இந்தக் கட்டுரை அதற்காக. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கிற பிள்ளைகள், பெண்கள் அமைப்புகளில் வேலைசெய்கிறவர்கள், ஊர்ச் செய்தியாளர்கள், சட்டத்தரணிகள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். பொறியியல் பட்டம் தேவையில்லை. ஆங்கில ஆவணத்தை அகராதியோடு உட்கார்ந்து வாசிக்கும் பொறுமை வேண்டும்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்ப விதிகளை எழுதும் கூட்டங்களில் ‘மனித உரிமை’ என்று பொதுவாகப் பேசினால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒன்றும் நடக்காது. எந்த ஆவணத்தின் எந்தப் பகுதியால் யாருடைய எந்தத் தகவல் வெளியே போகிறது என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் போய்ச் சேருவதற்கானவை.

படி 1: ஒரே ஒரு பிரச்சினையை எடுத்து ஐந்து வரியில் எழுதுங்கள்

பத்துப் பிரச்சினையைப் பட்டியல் போடாதீர்கள். யாருக்கு, என்ன, எப்போது, எந்தச் சாதனத்தில், அதனால் என்ன ஆனது. இவ்வளவு போதும். பெயர் வேண்டாம், ஊரையும் தேவையென்றால் மறைத்துவிடுங்கள்.

நான் அடிக்கடி கேள்விப்படுகிற மூன்றை வைத்துக்கொள்வோம். ஒன்று: ஒரு பெண் பிள்ளை கடையில் ரீலோட் போட நம்பரைச் சொல்கிறாள், இரவில் தெரியாத ஆட்களிடமிருந்து மெசேஜ் வருகிறது. இரண்டு: ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தை நிரப்பாமல் மேலே போக விடாத இணையப் படிவம், நம்மில் பலருக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. ஒவ்வொரு படிவத்திலும் ஒவ்வொன்றைப் போட்டு, கடைசியில் அடையாள அட்டைக்கும் விண்ணப்பத்துக்கும் பெயர் பொருந்தாமல் அலைய வேண்டியது. மூன்று: மேலே சொன்ன முடக்கம்.

படி 2: யாருடைய கதவு என்று பிரியுங்கள்

தொடங்குகிறவர்கள் அதிகமாகச் சறுக்குவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு பிரச்சினை சட்டத்தால் வந்திருக்கலாம், நிறுவனத்தின் முடிவால் வந்திருக்கலாம், தொழில்நுட்பத் தரத்தால், அதாவது சாதனங்களும் செயலிகளும் ஒன்றோடொன்று பேச எழுதிவைத்த பொது விதியால், வந்திருக்கலாம். பெரும்பாலானவை முதல் இரண்டிலேயே முடிந்துவிடும்.

ரீலோட் கதையில் எந்தச் சர்வதேசத் தரத்திலும் பிழையில்லை. நம்பரைச் சொல்லாமல் ரீலோட் போட ஒரு வழி செய்து கொடுக்க வேண்டியது தொலைபேசி நிறுவனம். கடைக்காரர் அந்த நம்பரை வேறொருவருக்குக் கொடுப்பது பற்றிக் கதைக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; அதன் பகுதிகளைக் கட்டங்கட்டமாகத்தான் நடைமுறைக்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு, ஆகவே எந்தப் பிரிவு அமுலில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். இதை ஜெனீவாவில் நடக்கும் சர்வதேசக் கூட்டங்களுக்குக் கொண்டுபோனால் நேரம்தான் வீண்.

பெயர்க் கட்டம் படிவத்தை வடிவமைத்தவரின் வேலை. ஆனால் இங்கே ஒரு பிடி இருக்கிறது. இணையப் பக்கங்களுக்கான தரங்களை எழுதும் டபிள்யூ3சி (W3C) அமைப்பு, உலகெங்கும் பெயர்கள் எப்படி அமைகின்றன என்று வடிவமைப்பாளர்களுக்கென்றே ஒரு விளக்கம் வெளியிட்டிருக்கிறது. குடும்பப் பெயரைக் கட்டாயமாக்காதே, முழுப் பெயருக்கு ஒரே கட்டம் போதுமா என்று யோசி என்கிற ரகம். அதைக் காட்டி, படிவத்தை வைத்திருக்கும் அலுவலகத்துக்குத் தமிழிலேயே ஒரு கடிதம் போடலாம். பாதி இடங்களில் இது வேலைசெய்யும், ஏனென்றால் அவர்களுக்கு இது பிரச்சினை என்றே தெரியாது.

முடக்கத்துக்கு மூன்று கதவும் உண்டு. வதந்தியை ஓடவிட்டது நிறுவனம். திகன விஷயத்தில் தன் தளத்தின் பங்குக்காக பேஸ்புக் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. வெளி ஆட்களை வைத்து மனித உரிமைத் தாக்க ஆய்வு செய்த பிறகுதான் அதுவும். முடக்கச் சொன்னது அரசாங்கம், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் வழியாக. முடக்குவது தொழில்நுட்ப ரீதியாக எவ்வளவு சுலபம் என்பதைத் தீர்மானிப்பது தரம். நீங்கள் ஒரு தளத்தின் முகவரியைத் தட்டும்போது, அந்தப் பெயரை எண்ணாக மாற்றித் தரும்படி உங்கள் போன் கேட்கிறது. இந்தக் கேள்வி வழக்கமாகத் திறந்த நிலையிலேயே போகும். நடுவில் இருக்கும் நிறுவனம் அதை வாசிக்கலாம், பதிலை மறைக்கலாம், பொய்ப் பதிலும் கொடுக்கலாம். அதை மறைகுறியாக்கி, அதாவது நடுவில் உள்ளவர் வாசிக்க முடியாதபடி பூட்டி, அனுப்பும் முறைகள் 2016இலும் 2018இலும் தரமாக எழுதப்பட்டன. எழுதிய இடம் ஐஈடிஎஃப் (IETF) என்ற அமைப்பு.

படி 3: அறைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஐஈடிஎஃப் 1986இல் தொடங்கியது. இணையம் ஓடுகிற அடிப்படை நெறிமுறைகள் (சாதனங்கள் ஒன்றோடொன்று பேசும் முறைகள்) அங்கேதான் எழுதப்படுகின்றன. உறுப்பினர் அட்டை இல்லை, சந்தா இல்லை, வாக்கெடுப்பு இல்லை. மின்னஞ்சல் குழுவில் சேர்ந்தால் நீங்களும் ஒரு ஆள். ‘கிட்டத்தட்ட இணக்கம்’ வந்ததா என்று குழுத் தலைவர் பார்ப்பார். நேரடிக் கூட்டங்களில் கையுயர்த்துவதற்குப் பதிலாக வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகும் வழக்கம்கூட உண்டு. எத்தனை பேர் ஆதரவு என்பதைவிட, எழுந்த ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லப்பட்டதா என்பது முக்கியம். ஒல்லிக்குளத்திலிருந்து எழுதுகிற ஒருவரின் நியாயமான ஆட்சேபத்தையும் பெரிய நிறுவனத்தின் ஆட்சேபத்தையும் காகிதத்தில் ஒரே மாதிரி எடுக்க வேண்டும் என்பது விதி. காகிதத்தில் என்று சொன்னேன். சம்பளத்தோடு முழுநேரமாக இதையே செய்கிறவர்களோடு மோதுகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இதற்குப் பக்கத்தில் ஐஆர்டிஎஃப் (IRTF) என்று ஓர் ஆய்வுப் பிரிவு இருக்கிறது. அங்கே 2015இல் மனித உரிமை நெறிமுறை ஆய்வுக்குழு தொடங்கியது. அது தரம் எழுதுவதில்லை, ஆய்வுதான். புதியவர்களுக்கு முதல் வாசல் அதுவே.

ஐகான் (ICANN) 1998இல் வந்தது. டொமைன் பெயர்களை, அதாவது இணையத்தளங்களின் முகவரிப் பெயர்களை, கவனிக்கிறது. ஒரு டொமைனை வாங்கியவரின் பெயர், முகவரி, தொலைபேசியை யார் பார்க்கலாம் என்ற பழைய சண்டை நடப்பது அங்கே. தன் ஊரின் காணிப் பிரச்சினையைத் தளம் போட்டு எழுதுகிற ஒருவரின் வீட்டு முகவரி பகிரங்கமாக இருக்கலாமா? அவ்வளவுதான் கேள்வி. 2016இல் மாற்றிய அதன் விதிக்கோவையில், தன் பணிக்கு உட்பட்டு மனித உரிமைகளை மதிப்பேன் என்ற வரி சேர்ந்தது. அதற்காகச் சிவில் சமூகக்காரர்கள் கடுமையாக வேலைசெய்தார்கள். வணிகம் சாராத பயனர்களுக்கு அங்கே ஒரு பிரிவு உண்டு, சேரக் காசு கேட்பதில்லை. கூட்டங்களுக்குப் பயணச் செலவு கொடுத்துக் கூட்டிப்போகும் புலமைத் திட்டமும் உண்டு. ஆனால் அந்தப் பயணத்துக்காகவே சேருகிறவர்களை அங்கே உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

டபிள்யூ3சியின் சமூகக் குழுக்களில் யாரும் இலவசமாகச் சேரலாம். உண்மையான தரம் எழுதும் பணிக்குழுக்கள் பெரும்பாலும் கட்டணம் கட்டும் நிறுவனங்களுக்கு. ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு (ITU) பெரும்பாலும் அரசாங்கங்களின் இடம், தனி ஆள் நேரடியாக நுழைய முடியாது; இலங்கைத் தூதுக்குழு வழியாகப் போகலாம். ஐ.நா.வின் இணைய ஆளுகை மன்றமான ஐஜிஎஃப் (IGF) முடிவெடுக்கும் இடமே அல்ல, கதைக்கும் இடம். இலங்கைக்கும் ஆசிய பசிபிக்குக்கும் அதன் சொந்தக் கூட்டங்கள் உண்டு. ஆட்களைத் தெரிந்துகொள்ள நல்லது, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

படி 4: எதை வாசிப்பது

ஐஈடிஎஃப் ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி (RFC) என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, எல்லாம் இலவசம். முதலில் 8890, 2020இல் வந்தது, சிறியது. நிறுவனத்தின் நலனும் கடைசிப் பயனரின் நலனும் மோதினால் பயனர் பக்கம் நில் என்கிறது. அப்புறம் 7258: அமெரிக்க உளவுத்துறையின் கண்காணிப்பை ஸ்னோடன் அம்பலப்படுத்திய பிறகு 2014இல் எழுதியது, எல்லாரையும் மொத்தமாகக் கண்காணிப்பதைத் தாக்குதல் என்றே வகைப்படுத்துகிறது. இரண்டும் சில பக்கங்கள்தான்.

8280, 2017இல் வந்தது, நீளமானது. முழுவதையும் வாசிக்க உட்கார்ந்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள். அதன் கேள்விப் பட்டியலைத் திருத்தி 2024இல் 9620 வந்திருக்கிறது; கையில் வைத்திருக்க வேண்டியது அதுதான். ஒரு நெறிமுறையைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விகள்: நடுவில் உள்ளவர்கள் இதில் எதைப் பார்க்கலாம்? இது மற்ற மொழி, எழுத்துகளில் வேலைசெய்யுமா? மெதுவான இணைப்பில்? மாற்றுத்திறனாளிகளுக்கு? அடையாளம் காட்டாமல் பயன்படுத்த முடியுமா? ஏதோ ஒன்றைத் தடுத்தால், தடுத்தது தெரியுமா?

உரிமை எப்படித் தொழில்நுட்ப வரியாக மாறுகிறது என்று பார்க்க எனக்குப் பிடித்த உதாரணம் பழையது. இணையத்தில் சாதனங்களை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியின் ஆறாம் பதிப்பில் முகவரி 128 பிட் நீளம். அதன் பின்பாதி 64 பிட்டைச் சாதனத்தின் நிரந்தர வன்பொருள் எண்ணிலிருந்தே உருவாக்கலாம் என்று ஆரம்பத்தில் வைத்திருந்தார்கள். நிர்வாகத்துக்கு வசதி. ஆனால் யோசித்துப் பாருங்கள்: காலையில் வந்தாறுமூலை வளாக வைஃபை, மத்தியானம் கல்லடியில் ஒரு கடை, இரவு ஏறாவூரில் வீடு. முகவரியின் முன்பாதி ஒவ்வோர் இடத்திலும் மாறும், பின்பாதி மாறவே மாறாது. நீங்கள் திறக்கும் தளங்களுக்கு உங்கள் ஒரு நாள் நடமாட்டம் வரிசையாகத் தெரிந்துவிடும். 2001இல் வந்த ஆர்எஃப்சி 3041, பின்பாதியை அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் தற்காலிக எண்ணாக வைக்க வழி சொன்னது. அதை எழுதியவர்கள் எந்த உரிமைச் சாசனத்தையும் மேற்கோள் காட்டிப் போராடவில்லை. நிலையான எண்ணால் ஆளைப் பின்தொடரலாம் என்று காட்டினார்கள், மாற்றையும் கையோடு கொண்டுவந்தார்கள். இன்று அந்த வழக்கம் பெரும்பாலான போன்களில் இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. 451 என்ற எண்ணைப் பாருங்கள், ஆர்எஃப்சி 7725, 2016. பக்கம் இல்லாவிட்டால் 404 வருவது போல, சட்டக் காரணத்துக்காகத் தடுக்கப்பட்டால் 451 வர வேண்டும். யார் தடுத்தார் என்றும் சொல்லலாம். நல்ல யோசனை. ஆனால் தடுக்கிறவர் அதைச் சொல்ல விரும்பாவிட்டால்? அந்த ஆவணமே அதை ஒப்புக்கொள்கிறது. முடக்க நாட்களில் நம் போன்களில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. தரம் வாசலைத் திறந்து வைக்கும். உள்ளே வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தச் சட்டம் வேண்டும்.

படி 5: ஆதாரம் சேருங்கள், ஆட்களைக் காப்பாற்றியபடி

எது தடுக்கப்பட்டிருக்கிறது என்று அளந்து, முடிவைப் பகிரங்கமாக வெளியிடும் ஊனி புரோப் (OONI Probe) என்ற செயலி இருக்கிறது. 2012இல் இருந்து ஓடும் திட்டம். போனில் போட்டு ஓடவிட்டால் போதும். ஆனால் அது சர்ச்சையான தளங்களையும் தட்டிப் பார்க்கும், உங்கள் இணைப்பு நிறுவனத்துக்கு அது தெரியும். கண்காணிப்பு இன்னும் பழங்கதையாகாத நம் ஊரில், அடுத்தவரின் போனில் சொல்லாமல் இதைப் போட்டுக் கொடுப்பது அயோக்கியத்தனம். எச்சரிக்கைப் பக்கத்தை முதலில் வாசித்துவிட்டு உங்கள் போனில் போடுங்கள்.

தகவலறியும் உரிமைச் சட்டம் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) இன்னொரு கருவி. எந்தச் சட்டப் பிரிவின் கீழ், எந்தத் திகதியில், எந்த நிறுவனங்களுக்கு முடக்க உத்தரவு போனது என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்; மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவலறியும் உரிமை ஆணைக்குழு. தேசியப் பாதுகாப்பு என்று மறுக்க வாய்ப்பு அதிகம். பரவாயில்லை, எழுத்தில் வந்த மறுப்பும் ஓர் ஆவணம்தான்.

உரிமை மீறல் என்றே முறையிட வேண்டுமானால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. அவசர அழைப்பு 1996.

இன்னொன்று. முடக்கம் தப்பு என்று ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள் என்று எழுதிவிடாதீர்கள். 2019இல் ‘மூடினது நல்லம்’ என்று சொன்னவர்கள் தமிழர், முஸ்லிம்கள் என்று இரண்டு சமூகத்திலும் இருந்தார்கள். முஸ்லிம்கள் மீதான வெறுப்புப் பேச்சு பரவிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நிம்மதி புரியும். அதே நேரம் குண்டு வெடித்த அன்று ஆஸ்பத்திரியில் யார் இருக்கிறார் என்று தெரியாமல் தவித்தவர்களுக்கும் மெசேஜ் போகவில்லை. இரண்டையும் எழுதுங்கள். குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தில் இலங்கை 1980இல் சேர்ந்தது. அதன் 19ஆம் உறுப்புரை கேட்பதும் கிட்டத்தட்ட இதைத்தான்: சட்டத்தில் இருக்கிறதா, ஏற்கத்தக்க நோக்கமா, இவ்வளவு தேவையா?

படி 6: தமிழையே நிபுணத்துவமாக வையுங்கள்

கண்காணிப்பு, மறைகுறியாக்கம் என்று பெரிய இடத்தில் தொடங்குவதற்கு முன் இங்கே கைவைக்கலாம், போட்டி குறைவு. ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் டொமைன் 2010இல் இருந்து இருக்கிறது. தமிழ் எழுத்தில் மின்னஞ்சல் முகவரி வைப்பதற்கான தரம் 2012இல் வந்தது. ஆனால் தமிழ் முகவரியைப் போட்டால் ‘தவறான மின்னஞ்சல்’ என்று திருப்பி அனுப்பும் படிவங்கள் இன்னும் ஏராளம். உங்கள் பிரதேசத்தில் ஆட்கள் அதிகம் பயன்படுத்தும் பத்துப் படிவங்களை எடுத்து, எது ஏற்கிறது, எது மறுக்கிறது, என்ன பிழைச் செய்தி வருகிறது என்று ஸ்கிரீன்ஷாட்டோடு குறித்துவைத்தால் அதுவே ஒரு நல்ல அறிக்கை. மார்ச் 28ஐ ஒட்டி, எல்லா மொழி முகவரிகளையும் எல்லா இடத்திலும் ஏற்கச் செய்வதற்கான நாளுக்கு உலகெங்கும் கூட்டங்கள் நடக்கும். அங்கே இப்படிப்பட்ட அறிக்கைக்குக் காது கிடைக்கும்.

பாதுகாப்பு விஷயமும் இதில் இருக்கிறது. ‘ஔ’ என்று ஒரே எழுத்தாகவும் அடிக்கலாம், ‘ஒ’வையும் ‘ள’வையும் பக்கத்தில் வைத்து ‘ஒள’ என்றும் அடிக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கோ வேறு வேறு. ஒரு வங்கியின் பெயரை இப்படிப் போலியாக எழுதி டொமைன் எடுத்தால் கிழவிகளின் ஓய்வூதியம் போய்விடும். இதைக் கலிபோர்னியாவில் இருக்கும் பொறியியலாளர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க மாட்டார். நீங்கள் கண்டுபிடிப்பீர்கள்.

படி 7: எழுதுவது

மின்னஞ்சல் குழுவில் சேர்ந்தவுடன் எழுதாதீர்கள். இரண்டு மூன்று மாதம் சும்மா வாசியுங்கள்; யார் யார், எது ஏற்கெனவே அடித்துப் பேசி முடிந்தது என்று பிடிபடும். பழைய மடல்கள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. புதிய வரைவு ஆவணம் ஆறு மாதத்தில் காலாவதியாகும், திருத்தித் திருத்திப் புதுப்பிப்பார்கள். முதல், இரண்டாம் திருத்தத்தில் நுழைந்தால் மாற்றம் சுலபம். கடைசிக் கருத்துக் கேட்கும் கட்டத்தில் வந்து ‘உரிமை’ என்றால், வேலையைக் கெடுக்க வந்தவராகப் பார்ப்பார்கள். அதில் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

‘இந்த வரைவு தெற்காசிய மக்களின் தனியுரிமையை மதிக்கவில்லை’ என்று ஒரு மடல் போனால், ‘கருத்துக்கு நன்றி’ என்று ஒரு வரி வரும். இப்படி எழுதிப் பாருங்கள்:

‘நான்காம் பகுதியின்படி சாதனம் ஒவ்வொரு முறை இணையும்போதும் ஒரே எண்ணை அனுப்புகிறது. எங்கள் பகுதியில் ஒரு போனை ஒரு குடும்பமே பயன்படுத்துவது சாதாரணம். கணவன், மனைவி, மகள் மூவரின் பயன்பாடும் ஒரே எண்ணின் கீழ் சேர்ந்துவிடுகிறது. இந்த எண்ணை ஒவ்வோர் அமர்விலும் மாற்றினால் எந்தச் செயற்பாடு கெடும்? கெடாது என்றால் அதையே இயல்பு நிலையாக வைக்கலாமா?’

இதை ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள். அங்கே பாதிப் பேரின் தாய்மொழி ஆங்கிலம் இல்லை, இலக்கணப் பிழையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் அமைப்பின் பெயரால் அல்ல, தனி ஆளாகவே பேசுகிறீர்கள் என்பது ஐஈடிஎஃப் வழக்கம்.

அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் ஒன்று. நீங்கள் எழுதுவது உங்கள் பெயரோடு பகிரங்கக் களஞ்சியத்தில் நிரந்தரமாகக் கிடக்கும். கூகுளில் தட்டினால் வரும். பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் ஒரு சொல்கூட வேண்டாம். நீங்களே ஆபத்தில் இருக்கிற ஆள் என்றால், இணையத்தில் சொல்லும் சில கூற்றுகளைக் குற்றமாக்கும் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் கதைத்துவிட்டு எழுதுங்கள், அல்லது வெளிநாட்டில் இருக்கும் ஒரு கூட்டாளியின் பெயரில் கருத்தை முன்வைக்கச் சொல்லுங்கள்.

படி 8: கூட்டத்துக்குப் போவது

ஐஈடிஎஃப் வருடத்துக்கு மூன்று முறை கூடும், வீட்டிலிருந்தே இணையலாம். காசு இல்லாதவர்களுக்குத் தூரப் பங்கேற்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள். நேரம்தான் கொடுமை. கூட்டம் அமெரிக்காவின் மேற்குக் கரையில் கோடை காலத்தில் நடந்தால், அங்கே காலை 9.30க்கு நமக்கு இரவு 10. கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், அதனால் போனில் டேட்டாவும் சார்ஜும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அக்கறைப்படும் குழுவின் ஒரே ஓர் அமர்வில் மட்டும் இணையுங்கள், அதன் வரைவுகளை முன்கூட்டியே வாசித்துவிட்டு.

தனியாக இதைச் செய்யாதீர்கள். வாசிக்க இரண்டு பேர், எழுத ஒருவர், ஊரில் ஆட்களோடு கதைக்க ஒருவர் என்று நாலு பேர் சேர்ந்தால் போதும். கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் நடுவே ஒரு குழுவாக, தமிழரும் முஸ்லிம்களும் கலந்தே இருந்தால் படி 5இல் சொன்ன ஒருபக்கச் சாய்வும் குறையும். மடலுக்கு ஒரு கிழமைக்குள் பதில் வராவிட்டால் கோபப்பட வேண்டாம். அதே தலைப்பில், கேள்வியை இன்னும் சுருக்கி மறுபடி அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் குழுத் தலைவருக்குத் தனியாக எழுதி, இந்த ஆட்சேபத்தைத் திறந்த பிரச்சினையாகப் பட்டியலில் ஏற்றும்படி கேளுங்கள். அப்படி ஏறிவிட்டால், அதற்குப் பதில் எழுதாமல் அந்த ஆவணத்தை நகர்த்துவது அவர்களுக்குச் சிரமம்.